தொண்டைமானாறு ஆறுதானா? வடமராட்சியை வகுத்த நீரும் அதன் கதவும்

ஒவ்வொரு மாரியிலும் யாழ்ப்பாணச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: தொண்டைமானாறு தடுப்பணையின் கதவுகள் திறக்கப்பட்டன. கோடை வந்தால் அதே இடத்தைப் பற்றி வேறு செய்தி. உவர்நீர் உள்ளே ஏறுகிறது, கரையோர வயல்கள் கெடுகின்றன என்பார்கள். இடையிடையே 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' என்ற பழைய திட்டம் தூசி தட்டி எடுக்கப்படும். இவற்றைச் சேர்த்து வாசிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறே இல்லை என்றுதான் எல்லாரும் படித்தது. இல்லாத ஆற்றுக்கு அணை எதற்கு? பெயரிலேயே ஆறு இருக்கும்போது இன்னொரு ஆறு எதற்கு? தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் மழைநீரைக் கதவு திறந்து கடலுக்கு விடுவது ஏன்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் நீரியலோடு நிற்க முடியாது. அந்த நீர் ஒரு பிரதேசத்தின் எல்லை. குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியின் பெயருக்கும் அதன் மக்களின் தனித்த குணத்துக்கும் அந்த எல்லைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அடிப்படையில் இருந்து தொடங்குவோம்.

'ஆறு' என்ற பெயரும் உண்மையான நீரும்

புவியியலில் ஆறு என்றால் உயரமான இடத்தில் தோன்றி, ஒரே திசையில் ஓடி, கடலிலோ ஏரியிலோ சேரும் நன்னீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு இடமில்லை. மலையில்லை, மேடுமில்லை. மிக உயர்ந்த இடம்கூடக் கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றர் அளவுதான். நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழையில் பெரும்பகுதியை அந்தக் கல் வெடிப்புகள் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஆனாலும் வரைபடத்தில் மூன்று 'ஆறுகள்' இருக்கின்றன. மூன்றும் ஒரே மாதிரியானவை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

1. வழுக்கையாறு. இது குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துக்குள் ஓடுவது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் சேரும் மழைநீர் சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலிக் கடலை அடைகிறது. மாரியில் மட்டும் ஓடும். இருந்தாலும் ஆறு என்ற சொல்லுக்கு ஓரளவு பொருந்துவது இதுதான்.

2. உப்பாறு. வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நடுவில் கிடக்கும் ஆழமில்லாத கடல்நீரேரி. அரியாலைப் பக்கமாக யாழ்ப்பாணப் பரவைக்கடலோடு தொடர்புடையது. பெயரே விடயத்தைச் சொல்லிவிடுகிறது.

3. தொண்டைமானாறு. வடமராட்சியை வலிகாமத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் பிரிக்கும் நீண்ட கடல்நீரேரி. வடகரையில் தொண்டைமானாறு என்ற ஊரில் ஒடுங்கிய வாய் வழியாகக் கடலைத் தொடுகிறது.

கடல்நீரேரி என்பது கடலோடு குறுகிய வாயால் தொடுத்த, உள்ளே அகன்று கிடக்கும் நீர்ப்பரப்பு. மாரியில் மழைநீர் நிறைந்து அது கடலை நோக்கி ஓடும். கோடையில் நீர் வற்றும்போது கடல் உள்ளே வரும். அதாவது இந்த 'ஆறு' ஆண்டுக்கு இரண்டு திசையில் ஓடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கதவு ஏன் தேவைப்பட்டது என்பது பிறகு தானாகப் புரியும்.

சரி, கடல்நீரேரியை ஏன் ஆறு என்றார்கள்? தொண்டைமானாற்றின் வாய்ப்பகுதியைக் கரையில் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். இரு கரை தெரிகிறது, நடுவில் ஒடுங்கிய நீரோட்டம், மேலே பாலம். கண்ணுக்கு அது ஆறுதான். இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள். 'அறத்தாறு' என்று குறள் சொல்வது அந்தப் பொருளில்தான். தொண்டைமானாறு தன் வரலாற்றில் பெரும்பாலும் ஒரு வழியாகவே இருந்திருக்கிறது.

உப்பு போன வழி

பெயரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் வழங்கும் செய்தி இது. சோழர் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் இங்கே வந்தான். கரணவாய்ப் பக்கத்து உப்பைக் கப்பலேற்றுவதற்கு வசதியாக இந்த நீர்வழியை வெட்டி ஆழமாக்கினான். அதனால் தொண்டைமான் ஆறு. கருணாகரத் தொண்டைமான் என்ற படைத்தலைவன் இருந்தது உண்மை. முதற் குலோத்துங்கனுக்காகக் கலிங்கத்தை வென்றவன் என்று கலிங்கத்துப்பரணி பாடுவது அவனைத்தான். அவன் யாழ்ப்பாணம் வந்து வாய்க்கால் வெட்டினான் என்பது மரபு வழியாக வந்த செய்தி. அதைக் கல்வெட்டுச் சான்றோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. கோடையில் ஏரி வற்றும்போது கரையில் உப்பு விளையும். விளைந்த உப்புக்குச் சந்தை கடலுக்கு அப்பால். நடுவே ஒரு நீர்வழி வேண்டும். ஊரின் பெயர் அந்தத் தேவையைச் சுமந்து நிற்கிறது.

வடமராட்சி என்ற பெயருக்கும் இப்படித்தான். வட மறவர் ஆட்சி என்பது மருவி வடமராட்சி ஆயிற்று என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. தென்மராட்சிக்கும் அதே முறை. பெயரின் வேர் எதுவாக இருந்தாலும் ஒன்று தெளிவு: இரண்டு பெயர்களும் சோடியாகப் பிறந்தவை. ஒன்று நீருக்கு வடக்கே, மற்றது நீருக்குத் தெற்கே. நடுவில் அந்த ஏரி இல்லாவிட்டால் வட, தென் என்று பிரிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

எல்லை எப்படி இருக்கிறது

வடமராட்சியின் வடக்கிலும் கிழக்கிலும் கடல். மேற்கிலும் தெற்கிலும் தொண்டைமானாற்று ஏரி. ஏரி வடகரையில் தொடங்கித் தென்கிழக்காக நீண்டு, முள்ளியான் பக்கம் வரை போகிறது. அதன் கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் இடையில் ஒரு மணல் நாடா. அதுதான் வடமராட்சி கிழக்கு. நிர்வாகக் கணக்கில் பிரதேச செயலகங்கள் மூன்று: பருத்தித்துறை, கரவெட்டி, மருதங்கேணி.

குடாநாட்டின் மற்றப் பக்கங்களிலிருந்து வடமராட்சிக்குள் நுழையப் பழகிய வழிகள் மூன்று, மூன்றும் நீரைக் கடக்கின்றன. வடகரையில் தொண்டைமானாற்றுப் பாலம். யாழ்ப்பாணத்திலிருந்து 750ஆம் இலக்க பஸ் வரும் வீதியில் வல்லைப் பாலம். கொடிகாமம் வீதியில் முள்ளி. இவற்றில் பேர்பெற்றது வல்லை. இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, வீடில்லை, மரமில்லை, உப்புக்காற்று மட்டும். அந்தக் காலத்தில் இரவில் தனியே வல்லைவெளியைக் கடக்க ஆட்கள் பயப்பட்டார்கள். முனியின் கதைகள் அங்கே பிறந்தவை. வல்லை முனியப்பருக்கு ஒரு கணம் கும்பிட்டுவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

'வல்லைக்கு அங்கால' என்ற பேச்சு இந்த வெளியில் இருந்து வந்தது. வலிகாமத்தார் வாயில் அது வடமராட்சி. வடமராட்சியார் வாயில் அதே சொற்கள் வலிகாமத்தையும் யாழ்ப்பாணப் பட்டினத்தையும் குறிக்கும். இரண்டு பக்கத்தாரும் ஒரே இடத்தை எல்லைக்கல்லாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மதிலும் வேலியும் இல்லாமல் ஒரு வெளியும் கொஞ்ச நீரும் இதைச் செய்திருக்கின்றன.

நீர் சூழ்ந்த நிலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைத் தனிமைப்படுத்துவது எளிது. 1987 மே 26ஆம் திகதி தொடங்கிய இராணுவ நடவடிக்கை வடமராட்சியை முழுதாகச் சுற்றி வளைப்பதைக் குறியாகக் கொண்டது. அப்போது இந்தப் பாலங்களும் வெளிகளும் என்ன பொருள் தந்தன என்பதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை.

கடலைப் பார்த்த முகம்

நிலவழி இப்படி ஒடுங்கி இருந்ததால் வடமராட்சியின் கரையோர ஊர்கள் கடலைப் பெருந்தெருவாக எடுத்துக்கொண்டன. இந்தப் பிரதேசத்தின் குணத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை என்பது என் கருத்து.

வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் கட்டினார்கள், ஓட்டினார்கள், அதில் வாணிபம் செய்தார்கள். தென்னிந்தியக் கரையோரத் துறைகளும் பர்மாவும் அவர்களுக்குப் பக்கத்து ஊர் போல. சோளகக் காற்று எப்போது எழும், வாடைக்காற்று எப்போது திரும்பும் என்பதை வைத்து அந்த ஊரின் ஆண்டு நகர்ந்தது. அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு போய், 1938இல் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். எந்திரக் கப்பல்கள் கடலை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு கடவுச்சீட்டும் சுங்கமும் இறுகி அந்த வாணிபம் நலிந்துபோனது. கப்பலோட்டிய ஊர் என்ற நினைவு மட்டும் நலியவில்லை. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தால், காற்றை வாசிக்கத் தெரிந்த ஒரு சமூகம் தன் அறிவை விளையாட்டில் காப்பாற்றி வைத்திருப்பது தெரியும்.

பருத்தித்துறையின் பெயரிலும் ஏற்றுமதி இருக்கிறது: பருத்தி ஏறிய துறை. அந்த ஊரின் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. தெருவின் இரு புறமும் கல் திண்ணை, நடுவே தெரு ஓட, மேலே கூரை. வண்டியும் ஆளும் அதற்குள்ளால் போய் வருவார்கள், களைத்தவர் திண்ணையில் இருந்து இளைப்பாறுவார். ஒரு மடத்தைத் தெருவோரத்தில் கட்டாமல் தெருவுக்கு மேலேயே கட்ட நினைத்தவர்கள் வழிப்போக்கர் நிறைந்த ஊரில்தான் இருந்திருக்க முடியும். பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம், கெட்டுப்போகாது என்பதால்தான் பருத்தித்துறை வடை இவ்வளவு பெயர் எடுத்தது போலும். தட்டையாக, மொறுமொறுப்பாகச் சுட்ட அந்த வடை இன்று கனடாவுக்கும் இலண்டனுக்கும் பொதியாகப் போகிறது.

கடல் தொடர்பு நேற்று வந்ததல்ல. வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனம் 1936இல் அறிஞர் கவனத்துக்கு வந்தது. பிராமி எழுத்தில் பொறித்த அந்தச் சிறிய தகட்டில் 'நாகதீவு' என்ற பெயர் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு அளவில் வடபகுதிக்கு வழங்கிய பெயருக்கு அது நேரடிச் சான்று. மொழி பிராகிருதம், செய்தி பௌத்தம் சார்ந்தது. இதை வைத்துச் சிங்களம், தமிழ் என இரு தரப்பும் அரசியல் பேசியது உண்டு. அமைதியாகப் பார்த்தால் அது சொல்வது இது: இந்த மணற்கரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பல மொழியும் பல சமயமும் வந்து போன இடம்.

அதே வல்லிபுரத்தில் இன்று ஆழ்வார் கோயில். சைவம் தழைத்த யாழ்ப்பாணத்தில் பெருமாளுக்கு இவ்வளவு பெரிய கோயில்கள் மிகக் குறைவு. மூலத்தில் இருப்பது சக்கரம். புரட்டாதித் திருவிழாவில் சுவாமி மணல் மேடுகளைத் தாண்டிக் கடலுக்குத் தீர்த்தமாடப் போகும்போது ஊர் முழுதும் பின்னால் நடக்கும்.

ஏரியின் வாயில் இருப்பது செல்வச்சந்நிதி. தொண்டைமானாற்றின் கரையில் முருகன். மீன்பிடிச் சமூகத்தைச் சேர்ந்த மருதர் கதிர்காமர் தொடங்கியது என்பது கோயில் மரபு. அவர் வழிவந்தவர்கள் கதிர்காமத்து முறையில் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்கிறார்கள். மந்திரம் இல்லை, மௌனம்தான். 65 ஆலிலைகளில் அமுது படைப்பார்கள். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இங்கிருந்து புறப்படுகிறார்கள். அன்னதானக் கந்தன் என்ற பெயர் வெறும் புகழ்ச்சி அல்ல. பசியோடு போனவர் அங்கே பசியோடு திரும்பியதில்லை. எல்லையில் இருக்கும் கோயில் என்பதால் இரு கரையாரும் தங்களுடையது என்றே நினைக்கிறார்கள்.

நிலத்தைப் பார்த்த முகம்

கரையை விட்டு இரண்டு மூன்று கிலோமீற்றர் உள்ளே வந்தால் காட்சி மாறிவிடும். கரவெட்டி, துன்னாலை, கரணவாய், உடுப்பிட்டி: தோட்டமும் வயலும் பனையும். நெல்லியடி சந்தையைச் சுற்றி வளர்ந்த பட்டினம். புகையிலை, வெங்காயம், மரக்கறி. வயல் மாரி மழையை நம்பியது, தோட்டம் கிணற்றை நம்பியது. பங்குக்கிணற்றில் முறை வைத்து இறைத்த காலத்து வழக்குகளும் சண்டைகளும் தனிக் கதை.

கல்வி இங்கே பெரிய விடயம். பருத்தித்துறையின் ஹாட்லிக் கல்லூரி போன்ற மிசனரிப் பள்ளிகள் வந்தன, அவற்றுக்கு எதிர்வினையாகச் சைவப் பள்ளிகள் வந்தன. தொண்டைமானாறு என்ற பெயரையே ஏரியால் அறியாமல், 'வெளிக்கள நிலையத்து வினாத்தாள்' வழியாக அறிந்த உயர்தர மாணவர்கள் வடக்கில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சைகள் அவ்வளவு பழகியவை.

ஆனால் கல்வியின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சாதி இங்கே கிணற்றையும் கோயிலையும் வகுப்பறையையும் பிரித்தது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று சூரன் தொடங்கிய தேவரையாளிப் பள்ளி அந்தப் பின்னணியில் எழுந்தது. 1956 தேர்தலில் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வடமராட்சியின் அடையாளம் பேசும்போது கப்பலையும் கோயிலையும் மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

நிலத்துக்கு அடியில் என்ன நடக்கிறது

இனித் தண்ணீருக்குத் திரும்புவோம். கதவின் அருமை விளங்க வேண்டுமானால் கிணற்றின் அடிக்குப் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1200 முதல் 1300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே ஊறியிருக்கும் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது, உவர்நீர் எடை கூடியது. அதனால் நன்னீர் ஒரு வில்லை போல, நடுவில் தடித்தும் கரையில் மெலிந்தும் கிடக்கும்.

இந்த மிதப்புக்கு எளிய கணக்கு உண்டு. நிலத்தடி நன்னீரின் மேல்மட்டம் கடல் மட்டத்தைவிட 1 மீற்றர் உயரமாக இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம். மறுதலையாகப் பார்த்தால் பயமாக இருக்கும்: மேல்மட்டம் அரை மீற்றர் இறங்கினால் அடியில் உவர் 20 மீற்றர் மேலே ஏற இடமுண்டு. நிலம் முழுதும் ஒரே சீராக இப்படி நடக்காது. கல்லின் வெடிப்பும் குகையும் கணக்கை மாற்றும். ஆனாலும் இரவு பகலாக மோட்டர் போட்டு இறைத்த கிணறு ஒரு கோடையில் சவர்த்தண்ணிக் கிணறாகிப்போவதற்குக் காரணம் இதுதான்.

குடாநாட்டின் நன்னீர் வில்லைகள் நான்கு: வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை. இவற்றைப் பிரிப்பவை இந்தக் கடல்நீரேரிகள். ஏரியில் உப்புநீர் நின்றால் வில்லை கரையோரத்தில் தேய்கிறது. ஏரியில் நன்னீர் நின்றால் தேய்வு குறைகிறது, பக்கத்துக் கிணறுகள் தேறுகின்றன. தொண்டைமானாறு இருபுறத்து வில்லைகளையும் தொட்டுக் கிடப்பதால் அதில் எந்த நீர் நிற்கிறது என்பது இரண்டு கரையின் கிணறுகளுக்கும் முக்கியம்.

கதவு செய்யும் வேலை

ஏரியின் வாயைக் கட்டி, வேண்டும்போது திறந்து மூடலாம் என்ற எண்ணத்தில்தான் தொண்டைமானாற்றில் 1950களின் தொடக்கத்தில் தடுப்பணை வந்தது. அரியாலையில் உப்பாற்றுக்கும் ஒன்று. காலப்போக்கில் பலகைக் கதவுகள் உக்கிப்போயின, போர்க்காலத்தில் பராமரிப்பு நின்றது, கடல்நீர் தன் பாட்டுக்கு வந்து போனது. போருக்குப் பிறகு அணை புதுப்பிக்கப்பட்டது.

மழைநீரைக் கடலுக்கு விடுவது வீண் என்று கோபப்படுகிறவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. கதவின் வேலை இரண்டு கட்டமாக நடக்க வேண்டும்.

1. முதல் மழை. கோடை முழுதும் வற்றிக் காய்ந்த ஏரிப் படுக்கையில் உப்பு படிந்திருக்கும். முதல் வெள்ளம் அந்த உப்பைக் கரைக்கும். அந்த நீரைத் தேக்கினால் உப்பையே தேக்கியதாகும். ஆகவே கதவைத் திறந்து அதைக் கடலுக்கு அனுப்ப வேண்டும். கரையோர வயல்கள் மூழ்காமல் இருக்கவும் இது தேவை.

2. பின் மழை. உப்பு கழுவிப் போன பிறகு பெய்யும் நீரைக் கதவைப் பூட்டித் தேக்க வேண்டும். மழை ஓய்ந்து ஏரி மட்டம் இறங்கும்போது கடல் உள்ளே வராமல் அதே கதவு காக்க வேண்டும்.

இப்படி ஆண்டுக்கு ஆண்டு செய்துவந்தால் படுக்கையின் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. ஒரு மாரியில் தவறான வாரத்தில் கதவு திறந்தால் பல ஆண்டு கழுவியது பின்னோக்கிப் போகும். அதனால்தான் 'கதவு எப்போது திறந்தது' என்பது செய்தியாகிறது.

கதவு ஒன்று, அதை எதிர்பார்ப்பவர்கள் பலர். ஏரிக்கரையில் நெல் விதைத்தவருக்குப் பயிர் மூழ்கும் முன் திறக்க வேண்டும், உவர் ஏறும் முன் பூட்ட வேண்டும். ஏரியில் வீச்சுவலை போட்டு இறாலும் மீனும் பிடிப்பவருக்குக் கடலோடு தொடர்பு அறக்கூடாது; குஞ்சுகள் கடலிலிருந்துதான் வருகின்றன, முழு நன்னீர் ஏரி அவர் பிழைப்பை மாற்றிவிடும். தரவையில் மாடு விடுபவருக்குப் புல் வேண்டும். கிணற்றுக்காரருக்கு நீர் நின்றால் போதும். இவர்களில் யாரும் பிழையாகக் கேட்கவில்லை. ஆனால் விவாதம் நடக்கும்போது விவசாயி மட்டுமே பாதிக்கப்பட்டவராகப் பேசப்படுவதும், ஏரி மீனவர் இடையூறாகப் பார்க்கப்படுவதும் நியாயமில்லை. கதவு வரும் முன்பே அவர் அந்த நீரில் நின்றவர்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு: அதன் பொருள்

நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம் இந்தக் கதவையும் உள்ளடக்கியது. சுருக்கம் இதுதான். கனகராயன் ஆறு குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியிலிருந்து வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தைத் தாண்டி, ஆனையிறவுக் கடல்நீரேரியில் சேர்கிறது. மாரியில் அந்த வெள்ளம் சுண்டிக்குளம் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. அந்த வாயைக் கட்டி ஆனையிறவு ஏரியின் கிழக்குப் பகுதியை நன்னீராக்கலாம். அங்கிருந்து முள்ளியானில் சுமார் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டினால் நீர் தொண்டைமானாற்று ஏரிக்கு வரும், அதிலிருந்து உப்பாற்றுக்கும் போகும். வன்னியின் ஆறு குடாநாட்டுக்குள் வந்து சேரும். திட்டத்தின் பெயருக்குப் பொருள் அதுவே.

1960களில் வேலை தொடங்கியது. முள்ளியான் வாய்க்கால் முழுமை பெறவில்லை, சுண்டிக்குளத்து அணைக்கட்டு வெள்ளத்தில் உடைந்தது. அதன் பிறகு திட்டம் பெரும்பாலும் காகிதத்திலேயே கிடக்கிறது. 1954இன் வரைபடத்தை அப்படியே எடுத்து நாளைக்குக் கட்டிவிடலாம் என்று பேசுவது சரியல்ல. சூழ்நிலை பல வகையில் மாறிவிட்டது.

- இரணைமடு உயர்த்தப்பட்டு அதிக நீர் தேக்கப்படுகிறது. வழிந்து வரும் வெள்ளத்தின் அளவு பழைய கணக்கில் இல்லை. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய் வழியாகக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். வன்னியின் பங்கைப் பேசாமல் குடாநாட்டின் பங்கைப் பேச முடியாது.
- சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம், 2015இல் தேசிய பூங்காவாக உயர்ந்தது. அங்கே உப்பும் நன்னீரும் கலந்த நீரை நம்பிப் பூநாரைகள் வருகின்றன.
- ஆழமில்லாத ஏரியில் கோடை வெயிலுக்கு ஆவியாகிப் போகும் நீர் மிக அதிகம். தேக்கியதில் எவ்வளவு ஆவணி வரை மிஞ்சும் என்பதைப் புதிதாக அளந்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தத் திட்டத்தின் மூல யோசனை சரியானது என்றே நினைக்கிறேன். நிலத்தடி நீரை மேலும் மேலும் உறிஞ்சுவதைப் பற்றிப் பேசாமல், அதை எப்படி நிரப்புவது என்று கேட்ட திட்டம் அது. குடிநீருக்குக் குழாய் போதும். தோட்டத்துக்கும் வில்லைக்கும் ஏரிதான் வேண்டும்.

கிழக்கு நாடா

வடமராட்சி கிழக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சில் அது எப்போதும் கடைசியில் வரும். நாகர்கோவில், செம்பியன்பற்று, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று மணலோடு மணலாக நீளும் மீனவ ஊர்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமி குடாநாட்டில் அதிகம் தின்றது இந்தக் கரையைத்தான். போர் திரும்பத் திரும்ப இதன் மேலால் நடந்தது.

இங்கே சுண்ணாம்புக்கல் தண்ணீர் தராது, மணல்தான் தரும். மணல் மேடு மழையைப் பிடித்து வைத்து, கையால் தோண்டிய ஆழமில்லாத மணற்கிணறுகளான பூவலுக்கும் துரவுக்கும் நல்ல தண்ணீர் கொடுக்கிறது. அதனால் மணற்காட்டிலும் நாகர்கோவிலிலும் மணல் அகழ்வை எதிர்த்து ஊரார் கூடும்போது அது காட்சியழகுக்கான சண்டை இல்லை. லொறியில் ஏறிப்போகும் மணல் அவர்களுடைய தண்ணீர்த் தாங்கி, கடலுக்கு எதிரான அணையும் அதுதான்.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ரில் திறக்கப்பட்டது இந்தக் கரையில், தாழையடியில். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் அளவுக்கு அமைத்தது. யாழ்ப்பாணப் பட்டினத்துக் குழாய்க்கு அது பெரிய உதவி. பிரித்தெடுத்த உப்புச்செறிவான கழிவுநீர் திரும்பவும் கடலுக்குத்தான் போகிறது. மீன்பாடு குறையுமா என்று அந்த ஊர் மீனவர் தொடக்கத்திலிருந்தே கேட்டு வருகிறார்கள். அவர்கள் கரையில் எடுத்து அனுப்பும் தண்ணீர் மற்றவர்களுக்குப் போகும்போது, கடலில் உப்பு எவ்வளவு கூடுகிறது, மீன் எவ்வளவு வருகிறது என்பதை ஒழுங்காக அளந்து அந்த மக்கள் முன்னால் தமிழில் வைப்பது குறைந்தபட்சக் கடன்.

தொண்டைமானாற்றுக் கதவுக்கும் அதே அளவீடு வேண்டும். ஏரியின் நீர்மட்டமும் உப்பளவும் வாரம் ஒருமுறை வல்லையிலும் முள்ளியிலும் சந்நிதி வாசலிலும் பலகையில் எழுதப்பட்டால், கதவு ஏன் இன்று திறந்தது, ஏன் நாளை பூட்டும் என்று வயல்காரரும் வலைக்காரரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசலாம்.